ஒரே அடுப்பு, பதினோரு பேர்

12 ஜூன் 1989, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர். விடிந்ததிலிருந்து காற்று. லாட்ஜ் ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது. ராஜபாளையத்தில் இன்னும் ஒன்பது வீடு பாக்கி. குடும்ப வருமானக் கணக்கெடுப்பு ஃபாரம் எல்லாம் வெள்ளிக்கிழமை மதுரை ஆபீசில் இருக்க வேண்டும். இருந்தால் எனக்கு மெட்ராஸ் மாற்றல். இல்லாவிட்டால் இதே லாட்ஜ், இதே மூட்டைப்பூச்சி.

வாங்க: ரீஃபில், தலைவலி மாத்திரை. செருப்பு தைக்க.

13, செவ்வாய்

மில் முதலாளி வீடு. முதலாளியம்மா மோர் கொடுத்தார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். வீட்டு மனிதர்கள் ஐந்து, அங்கேயே தங்கிச் சாப்பிடும் வேலையாட்கள் ஆறு. ஆபீஸ் விதி: ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரே குடும்பம். ஆகப் பதினோரு பேர். மாத வருமானம் இருபத்திரண்டாயிரம். தலைக்கு இரண்டாயிரம்.

பாத்திரம் தேய்க்கும் வேலம்மாவுக்குச் சம்பளம் எண்பது ரூபாய். ஃபாரத்தில் இரண்டாயிரம். எனக்கே எழுநூறுதான். நல்ல கூத்து.

போன வருடம் மெட்ராஸில் கணக்கெடுத்தபோது பார்த்தேன், வேலைக்காரிகள் சாயந்திரமானால் குடிசைக்குப் போய்விடுவார்கள். பங்களாவுக்கு ஒரு ஃபாரம், குடிசைக்கு ஒன்று. வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இங்கே ஒரே தாளுக்குள் அமுங்கிப்போகிறது. அப்புறம் சின்ன ஊரில் ஏற்றத்தாழ்வு குறைவு என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். எரிச்சல்.

கிளம்பும்போது வேலம்மா கேட் வரை வந்தாள்.

“சார், எம் பேரைத் தனியா எழுதலாம்ல? இருவது வருசமா இங்கதான் கெடக்கேன். ரேஷன் கார்டுலகூட அவுக பேருக்குக் கீழதான்.”

“தனியாப் பொங்கிச் சாப்பிட்டா எழுதலாம்மா.”

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொன்னது.

15, வியாழன்

ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. மறுபடி முதலாளி வீடு. கொல்லையில் மூன்று கல், சாம்பல். வேலம்மா நேற்றிலிருந்து தனியாகப் பொங்கியிருக்கிறாள். ஆளைக் காணோம்.

“எங்க வீட்டுச் சோறு தொண்டையில எறங்கலையாம் மகாராணிக்கு. காலையிலயே போகச் சொல்லிட்டேன்” என்றார்கள் முதலாளியம்மா.

நான் சொல்லித்தான் செய்தாள் என்று வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கையெழுத்து வாங்கினேன்.

மதுரைக்குப் போன். வேலம்மாவுக்குத் தனி ஃபாரம் போடலாமா என்று கேட்டேன். சூப்பர்வைசர் சிரித்தார்.

“வீடே இல்லாத ஆளுக்கு என்னய்யா ஃபாரம்? பத்துன்னு திருத்திரும்.”

திருத்தினேன். தலைக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆகிவிட்டது. சாப்பிடவில்லை. நடந்தேன், வந்தேன், மறுபடி நடந்தேன்.

16, வெள்ளி

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு. நான் ஃபாரக் கட்டோடு மதுரை பஸ்ஸுக்கு. வேலம்மா ஒரு மஞ்சள் பையோடு மெட்ராஸ் பஸ்ஸுக்கு. மகள் அங்கே வீட்டு வேலை செய்கிறாளாம்.

என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“அங்கன வேலை முடிஞ்சா அவுகவுக குடிசைக்கு வந்துதான் பொங்குவாகளாம். எழுத வந்தா எம் பேரு தனியா வரும்ல சார்?”

வரும் என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வாரம் முழுக்க ஊரில் ஒவ்வொருவரிடமும் வரும்படி எவ்வளவு என்று கேட்டவன் நான். இவளிடம் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்கவில்லை.