விசிலடித்த மன்னனுக்குக் கிடைத்த தண்டனை

ஜமைக்காவின் ஒரே மகாராணி ஐசில்டாவுக்கு, டொரொன்டோ பனியில் உறைந்தும் உயிரோடிருக்கும் உன் எவரால்ட் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

நாடகம் படிக்க வந்த எனக்கு நேற்று மகா அநியாயம் நடந்தது. மன்னன் வேடம் கிடைத்த குஷியில் மேடைக்குப் பின்னால் விசிலடித்துவிட்டேன். மேடை நிர்வாகி பிரென்டா, நம் மகள் வயதுதான், கொலை விழுந்ததுபோல் அலறினாள்.

"ஐயோ அங்கிள், இங்க விசிலடிச்சா நாடகமே விளங்காது! வெளிய போய் மூணு சுத்து சுத்திட்டு, கதவத் தட்டிக் கெஞ்சுங்க."

"பனி கொட்டுதும்மா. நான் ராஜா!"

"ராஜாவும் சுத்தணும்."

வேடம் பறிபோகுமே என்று கிரீடத்தோடு சுற்றினேன். தலையில் நம் ஜமைக்காவின் நீலமலை உயரத்துக்குப் பனி குவிந்த பிறகே திறந்தார்கள்.

நம் வாசலில் நின்று நான் உனக்கு அடிக்கும் அதே விசில்தான். அங்கே அதற்குக் கதவு திறக்கும். இங்கே அதற்கே சாத்துகிறார்கள்!

கம்பளிக் காலுறை பின்னி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் பதில் விசில் அடி. வெளியே போய் நின்றே கேட்கிறேன். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

எவரால்ட்