ஒரு மூடித் தண்ணீர்

அக்கா, ஆயர் குரோவிலிருந்து உங்கள் தம்பி இளங்கோவன் எழுதுகிறேன். உங்களைப் பற்றி நான் சொன்ன ஒன்றைத் திருத்துவதே இம்மடலின் நோக்கம்.

பாலைவன ரோஜா இருந்த தொட்டி ஒன்பது மாதமாக வீட்டின் பின்புறம் கிடந்தது. இன்று காலை அதைக் கவிழ்த்தேன். அழுகிய வேரின் நாற்றத்தோடு கறுத்த சேறு கையில் விழுந்தது. அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். நீர் வடிய வேண்டிய ஆறு வட்டங்களும் அடைபட்டே இருந்தன. பிளாஸ்டிக் தொட்டி வாங்கினால் அவற்றை நாம்தான் குத்தித் திறக்க வேண்டும். செடியை நட்டவன் நான். நான் திறக்கவில்லை.

சிறுநீரகம் பழுதாகி, நியாலாஸில் உள்ள மகள் வீட்டிலிருந்து நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது, நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார் மருத்துவர். போத்தலில் கோடு கிழித்து, காலைதோறும் நானே நிரப்பித் தந்தேன். அந்த வாரமே இச்செடியையும் வாங்கினேன். ஆண்டெல்லாம் இலை உதிராமல் பச்சையாக நிற்கும். சிறிது நீரிலேயே பூக்கும். மணல் கலந்து நட்டு, மழை படாமல் கார் நிறுத்தும் கூரையின் ஓரத்தில் வெயிலில் வைத்தேன். ஞாயிறுதோறும் ஒரு தம்ளர் ஊற்றினேன். உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே வாங்கினேன்.

“பாருங்க அக்கா, வாரத்துக்கு ஒரு தம்ளர்தான். எப்படிப் பூக்குது. கத்துக்குங்க.”

“அதுக்கு வாயில்ல தம்பி. எனக்கு இருக்கே.”

மழை மாதத்தில் அதன் அடித்தண்டு கொழகொழத்துச் சாய்ந்தது. உங்களை எழுப்பி நிறுத்திக் கேட்டேன்.

“தினம் ஒரு மூடி ஊத்துனேன். என் போத்தல்லேருந்துதான். காஞ்சு கெடக்குறது எப்படின்னு எனக்குத் தெரியும்லா.”

“ஒரு மூடியில இது அழுகாது. பொய் சொல்லாதீங்க. பைப்பத் திறந்திருக்கீங்க.”

செடிக்குத் திறந்தவர் தமக்கும் திறந்திருப்பார் என்று முடிவு செய்தேன். வாசல் குழாயின் திருகைக் கழற்றி வைத்தேன். போத்தலில் பழைய கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே புதுக்கோடு கிழித்தேன். மருத்துவர் சொன்ன அளவை நான் மீறியது அந்த ஒருமுறைதான், அதுவும் குறைப்பதற்காக.

அடுத்த செவ்வாய்க்கிழமை, இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் உங்கள் கையில் ஊசி ஏறியிருந்தது. எட்டு நாற்காலிக்காரர்களுக்கும் கேட்கும்படி தாதி மிஸ்ஸியிடம் சொன்னேன்.

“இவங்க வீட்டுல திருட்டுத் தண்ணி குடிக்கிறாங்க.”

“தண்ணி கூடுனா வெயிட்டும் கூடியிருக்குமே சார், கூடலையே,” என்றார் மிஸ்ஸி.

“அப்போ உங்க தராச சரி பாருங்க.”

பக்கத்து நாற்காலிப் பெரியவர் உங்களைப் பார்த்து, “என்னா அக்கா, பைப்புல வாய வச்சிட்டீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம்லா,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் ஊசி ஏறாத கையால் போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டீர்கள்.

அதன்பின் மூன்று வாரம் இருந்தீர்கள். ஒருமுறைகூடத் தண்ணீர் கேட்கவில்லை. மாலையில் போத்தலில் மீதியிருக்கும். ஒழுங்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

உங்கள் கருமாதியன்று உங்கள் மகளிடம், “அம்மா அளவு மீறிக் குடிச்சாங்கம்மா, நான் என்ன செய்ய,” என்றேன். அவள் உங்கள் படத்தைப் பார்த்து, “ஏம்மா, மாமா சொன்னதக் கேட்டிருக்கலாம்ல,” என்று திட்டி அழுதாள். நான் தடுக்கவில்லை. நான் சொன்னதை இன்றும் அவள் நம்புகிறாள்.

துளை திறந்திருந்தால் என் தம்ளரும் உங்கள் மூடியும் வடிந்து போயிருக்கும். வடியாமல் தேங்கியதால் அந்த ஒரு மூடியே வேரை அழுக்கப் போதுமாயிற்று. நீங்கள் சொன்ன அளவு உண்மை. அந்த விரற்கடை நீரை இனி உங்களுக்குத் திருப்பித் தர வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை நியாலாஸுக்குப் போய் உங்கள் மகளிடம் சொல்வேன். செவ்வாய்க்கிழமை நிலையத்திற்குப் போவேன். கேலி செய்த பெரியவர் இறந்துவிட்டார். சிரித்தவர்களில் நால்வர் இருக்கிறார்கள். ஊசி ஏறியபின் அவர்களால் எழுந்து போக முடியாது. அதுவரை காத்திருந்து, நீங்கள் திருடவில்லை என்பதை அன்று பேசிய அதே குரலில் சொல்வேன்.