வரிசையில் நிற்கும் குடம்

மைனி,

காலையில் மருமகள் பரணைத் துடைக்கிறேன் என்று ஏறி, பித்தளைக் குடத்தை இறக்கி நடு ஹாலில் வைத்துவிட்டாள். நாளைக்குப் பெரிய வியாழன், அதற்குள் வீட்டை ஒழுங்கு பண்ணிவிட வேண்டுமாம். “அத்தை, இது நெளிஞ்சு கிடக்கு. பாத்திரக்காரிகிட்டப் போட்டுட்டு ஒரு குக்கர் வாங்கிரலாமா?” என்றாள். வேறு எதை வேண்டுமானாலும் போடு என்று குடத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த நெளிசல் நீங்கள் வைத்தது. நீங்கள் போனபிறகு வருகிற முதல் லெந்து இது, அதனால் இதையெல்லாம் யாரிடம் சொல்ல என்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நமக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. அறுபதுகளில் ஊரை விட்டுப் பிழைக்க வந்து மாட்டுங்கா லேபர் கேம்பில் சுவருக்குச் சுவர் குடியிருந்தோம், உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், நீங்கள் மைனி ஆனீர்கள். அங்கே லுத்தரன் வீடுகள் விரல்விட்டு எண்ணிவிடலாம். லெந்து வந்தால் ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் தலையில் பூ கிடையாது, கல்யாணம் கிடையாது, பாட்டில் அல்லேலூயா கிடையாது. புதன்கிழமை தோறும் ஒரு வீட்டில் கூடி, ஆண்டவருடைய பாடுகளின் சரித்திரத்தைப் பகுதி பகுதியாக வாசிப்போம். வாசிப்பது நீங்கள், பாட்டு எடுப்பது நான். மீனை விடவா, கறியை விடவா என்று கேட்டால் நம் போதகர், அந்தப் பழைய ஐயர், “தின்னுறதை விடுறது உங்க இஷ்டம். வாயை அடக்குங்க, அதுதான் கஷ்டம்” என்பார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

குடம் நெளிந்த அந்த வருஷம் லெந்து தொடங்கின வாரத்திலேயே தோல் கிடங்கு மெஷினில் என் வீட்டுக்காரர் கை மாட்டிக்கொண்டது. சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்திலும் குடத்தைக் குழாயடி வரிசையில் வைத்துவிட்டுத்தான் ஓடினேன். கேம்பில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அது எல்லாருக்கும் பொதுவான சட்டம். நான் திரும்பி வரும்போது, “ஆளே இல்லாத குடத்துக்கு என்ன வரிசை?” என்று நீங்கள் அதைக் காலால் ஒதுக்குகிறீர்கள். அது உருண்டு போய்த் திட்டில் முட்டி நெளிந்தது. நான் பேசினதை எல்லாம் இங்கே எழுத முடியாது, லெந்து நாள் பாருங்கள். கை அடிபட்டது உங்களுக்குத் தெரியாது, வாஸ்தவம்தான். ஆனால் தெரிந்தபிறகும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இப்போதும் சொல்கிறேன், தப்பு உங்கள் பேரில்தான்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் புதன்கிழமை நிற்குமா? ஒரே ரூமில் நீங்கள் வாசித்தீர்கள், நான் பாடினேன். உங்களுக்கு எட்டக்கூடாது என்றே உச்சத்தில் எடுத்தேன். பேதுரு ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மறுதலித்த பகுதி வந்த அன்று நீங்கள் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தீர்கள். நான் இருமுகிற மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பெரிய வியாழன் நெருங்கியது. அன்றைக்கு அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுக்கிறவர்கள் முன்கூட்டியே ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துவிட்டுக் கொடுங்கள் என்றார். நான் யோசித்தேன்: மைனி சின்ன வயசில் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் சேர்ந்த நாளிலிருந்து இந்த விருந்தை விட்டதே இல்லை, நான் ஒதுங்கினால் அவர்கள் நிம்மதியாகப் போவார்கள். நீங்கள் யோசித்தது எனக்குத் தெரியாது. நான் பேர் கொடுக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் கைக்கட்டோடு என் வீட்டுக்காரர் மட்டும் கோயிலுக்குப் போனார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால், வரிசையில் எனக்கு முன்னால் நீங்கள்! பின்னால் நின்ற எதிர்வீட்டு அக்கா, திங்கள்தோறும் பிள்ளையாருக்கு விளக்குப் போடுகிறவர், சத்தமாகக் கேட்டார்: “இதென்ன கூத்து? இன்னைக்கு உங்களுக்குக் கோயில் இல்லியா? ரெண்டு வேதக்காரியும் இங்க வந்து நிக்கீங்க?”

நீங்கள் திரும்பினீர்கள். “ஏட்டி, நீ ஏன் போகல?”

“நீங்க போவீங்கன்னுதான்.”

“அடிப் பாவி! கை போய் கிடக்கிற வீடு, உனக்குத்தான் வேணும்னு நான் ஒதுங்கினேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். “குடத்தை வச்சிட்டுப் போங்க, நான் பார்த்துக்கிடுதேன். ஒருத்தியும் தொட மாட்டா” என்றார்.

ஈரச்சேலையோடு ஓடினோம். நம் கோயில் கூடுகிற பள்ளிக்கூட ஹாலில் பாவ அறிக்கை முடிந்து, அப்பத்தை எடுக்கப் போகிற நேரம். வாசலில் நின்று நீங்கள், “ஐயரே, நாங்க பேசிட்டோம்” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அவர் புத்தகத்தைத் திருப்பி, நம் இரண்டு பேருக்காகப் பாவ அறிக்கையை முதலிலிருந்து தொடங்கினார். சபை முழுக்கக் கூடவே மறுபடி சொன்னது. “அதுக்குள்ள நாம என்ன பாவம் செஞ்சோம்?” என்று முணுமுணுத்தது என் வீட்டுக்காரர்தான். பிறகு பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். திரும்பி வந்தபோது இரண்டு குடமும் நிறைந்து நின்றன.

குர்லாவில் கொடுத்து நெளிசலை எடுத்துத் தருகிறேன் என்று நீங்கள் எத்தனையோ தரம் கேட்டீர்கள். நான் விடவில்லை, உங்களைச் சீண்ட ஏதாவது வேண்டாமா? நான் செம்பூருக்கு வந்தபிறகும் வருஷா வருஷம் நம்மில் யார் முதலில் ஐயரைப் பார்த்தாலும் இரண்டு பேருடைய பேரையும் சேர்த்தே கொடுத்தோம்.

இன்று மத்தியானம் புது ஐயர் நாளைத் திருவிருந்துக்குப் பேர் கேட்டுப் போன் பண்ணினார், சின்ன வயசு. வாய்ப்பழக்கத்தில் உங்கள் பேரை முதலில் சொல்லிவிட்டேன். “அவங்களுக்கு நடக்க முடியுமாம்மா? முடியலைன்னா நான் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறேன்” என்றார்.

“வேண்டாம் ஐயரே. அவங்க முந்திப் போய்ப் பந்தியில உக்காந்துட்டாங்க” என்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நீங்கள் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

குடத்தைப் புளிபோட்டு விளக்கி வைத்திருக்கிறேன். நான் வரக் கொஞ்சம் லேட்டாகும் மைனி. அங்கே உங்களுக்குப் பின்னால் என் குடம் நிற்கும். இந்தத் தடவையாவது தள்ளிவிடாதீர்கள்.