தாடிக்குள் தூசி

திருச்சி

அன்புள்ள யமுனா,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். அங்கே மலையில் உனக்கு டவர் கிடைக்காததால் இதைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. உலைப் புகையை வடிகட்டும் துணிப் பைகளுக்கு அடியில் சேரும் தூசியை, இரும்புக் கூண்டுக்குள் இறங்கி வழித்தெடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மேலேயிருந்து கொஞ்சம் சரிந்து விழுந்தது. இருமல் வந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் தாடிக்குள்ளெல்லாம் தூசி.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சேஃப்டி ஆபீசர் வீரராகவன் சார் பார்த்துவிட்டார். "தாடி இருந்தா மாஸ்க் மூஞ்சியோட ஒட்டாது கலையரசன். எடுத்துட்டு வாங்க, இல்லன்னா உள்ள விடமாட்டேன்."

"வீட்ல மாசமா இருக்காங்க சார். பிள்ளை பிறக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"அந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

போன முறை நான் தாடியை எடுத்த வாரத்தில்தான் கரு கலைந்தது. உன்னைக் கேட்டால் எடு என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அதனால் கேட்கவில்லை. நேற்று எடுத்துவிட்டேன். சலூன் கண்ணாடியில் யாரோ போல இருந்தேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

தொண்டைக்குக் கொஞ்சம் மலைத்தேன் வேண்டும். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. தேன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை இன்றைக்கு அசைந்ததா என்று மட்டும் எழுதி, இதே பஸ் திரும்பும்போது கொடுத்துவிடு.

கலையரசன்