மௌன நிமிடத்தில் தட்டியது

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறு மணிப் பிரார்த்தனை, போனில். வந்தவர்கள் ஏழு பேர். புது வேண்டுதல் இரண்டு. நிறைவேறியது ஒன்று, மூன்றாவது மாடி அக்காவின் கண் ஆபரேஷன். நிலுவை இருபத்து மூன்று.

தையல்காரியின் மெஷின் இன்றும் போனில் ஓடிக்கொண்டே இருந்தது. நாலு தையலுக்கு ஒருமுறை டக்கென்று இடறும் மெஷின். "சாமிக்கே சட்டை தைக்கிறியாடி?" என்று மூன்றாவது மாடி அக்கா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மௌன நிமிடத்திலாவது அவரவர் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தி வையுங்கள் என்று கண்டித்தேன். வராதவர்களுக்காக வழக்கம்போல் ஒலிப்பதிவைக் குழுவில் போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

தையல்காரி நேரில் வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். மகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விடப் போகிறாளாம், கணவனுக்குத் தெரியாமல். முழங்கைக்கு மேல் கன்றியிருந்தது. நான் கேட்கவில்லை.

"பதினேழாம் தேதி, அக்கா, அவர் கடைக்குப் போனதும். வேண்டிக்கோங்க. போன்ல மட்டும் படிச்சிடாதீங்க."

அந்தக் கணவன் தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன். ஜனவரியில் என் கீபோர்டு கெட்டபோது புதிதாக ஒன்று மாட்டிவிட்டுக் காசு வேண்டாம் என்றவன். நல்ல மனிதன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அவள் வேண்டுதலைப் பட்டியலில் ஏற்றினேன். என் மகள் இணையத்தில் போட்டுக்கொடுத்த பட்டியல். இருபது எழுத்துக் கடவுச்சொல், என் மனசில் மட்டும் இருப்பது. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

மார்ச் 16, திங்கள்

வந்தவர்கள் ஆறு பேர். தையல்காரி வரவில்லை.

மார்ச் 18, புதன்

வந்தாள். இடது கையில் கட்டு. உட்காரவில்லை.

திங்கட்கிழமை அவன் கடைக்கே போகவில்லையாம். கதவைத் தாழிட்டு, நாற்காலியை அதன் முன்னால் போட்டு உட்கார்ந்து, "இன்னிக்குப் பயணமாமே, பை கட்டலையா?" என்று கேட்டானாம்.

"நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுவும் பதினேழுன்னுதான் சொன்னேன்."

அவள் போனபிறகு பட்டியலைத் திறந்தேன். பதினாறு என்று இருக்கிறது. ஏழுக்குப் பதில் ஆறைத் தட்டியிருக்கிறது என் கை. இத்தனை வருஷத்தில் தேதி தவறியதில்லை நான்.

பதினாறு என்பது என் பட்டியலைத் தவிர வேறெங்கும் கிடையாது. அப்படியென்றால் இங்கிருந்துதான் போயிருக்கிறது. இந்த வீட்டில் இருப்பது நானும் அவரும்.

மார்ச் 19, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"உன் பீரோவை ஒரு நாளாவது தொறந்திருக்கேனா நான்?" என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

ஏன் கேட்டேன்? வேற யாரைக் கேப்பேன் — இறைவா, வேற யாரு இருக்கா இங்க.

மார்ச் 22, ஞாயிறு

மகளிடம் போனில் சொன்னேன். அங்கிருந்தே பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலை இரண்டு முறை திறந்திருக்கிறார்கள். ஒருமுறைகூடத் தப்பாக அடிக்கவில்லை.

கடவுச்சொல்லை எப்போது அடிப்பாய் என்றாள். மௌன நிமிடத்தில், அது முடிந்ததும் வேண்டுதல்களைப் படிக்க வேண்டுமே என்றேன். போன் எங்கே இருக்கும் என்றாள். கீபோர்டுக்குப் பக்கத்தில்.

 பிறகு சொன்னாள்: கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சத்தம். காதுக்குத் தெரியாது, அதற்கென்று இருக்கும் மென்பொருளுக்குத் தெரியும். அதே மாதிரிக் கீபோர்டு கையில் இருந்தால் தட்டித் தட்டியே அதற்குப் பழக்கிவிடலாம்.

"தினமும் நீயேதாம்மா பதிவு பண்ணி அனுப்பியிருக்கே."

தையல்காரியின் போனுக்கும்தான் போயிருக்கிறது. அவளை அதட்டினேனே, உன் சத்தத்தை நிறுத்து என்று. என் சத்தம் என் காதிலேயே விழவில்லை.

பட்டியலை அழித்தேன். இனி ஒலிப்பதிவும் இல்லை. அவரிடம் எல்லாம் சொன்னேன். "சரி விடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 25, புதன்

போலீசில் சொல்லலாமா என்று தையல்காரிக்குச் சொல்லியனுப்பினேன். இனி எனக்காக எதுவும் செய்யவேண்டாம் என்று பதில்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தையல்காரியும் மகளும் வீட்டில் இல்லையாம். போனை விட்டுவிட்டு, மெஷினின் தலையை மட்டும் கழற்றி எடுத்துப் போயிருக்கிறாள்.

சாயந்திரம் அவன் வந்தான். செருப்பை ஒழுங்காக வெளியே விட்டான். "பிரார்த்தனையில அவ வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றான். பிறகு, போகிறபோக்கில், "காலைப் பதிவு இப்பல்லாம் வர்றதில்லையே. கேக்க நல்லா இருந்துச்சு."

 என் வீட்டுக்காரர்தான் உள்ளேயிருந்து வந்து, "இங்க யாரும் வரமாட்டாங்க. நீயும் வராதே" என்றார். கதவையும் அவரே சாத்தினார்.

அவள் எங்கே இருக்கிறாளோ. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

விஷயம் பரவி, இப்போது வருவது நாங்கள் நால்வர்தான். வேண்டுதல் சொல்ல எல்லோருக்கும் பயம். யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

இன்று மௌன நிமிடத்தில் தெரியாத ஓர் எண் உள்ளே வந்தது. பேச்சில்லை. நாலு தையல், டக். நாலு தையல், டக்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தை மூன்று நிமிடமாக்கினேன். அந்த எண் போனதும் மூன்றாவது மாடி அக்கா, "இது நம்ம..." என்று ஆரம்பித்தார். நான் சட்டென்று பாட்டை எடுத்துவிட்டேன்.

எண்ணைப் போனிலிருந்து அழித்தேன். கணக்கில் பொய் எழுதியதில்லை இதுவரை. இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, புதுப் பக்கத்தில் ஒரே வரி எழுதப் போகிறேன்.

வந்தவர்கள் நான்கு பேர்.