திராட்சைப் பையில் ஓடைமண்

ஷீராஸ்,
மெஹர் மாதம் 12

அன்புள்ள கௌஹர் அக்காவுக்கு, தம்பி நஜஃப் எழுதுவது.

ஆண்டவன் கருணையால் இருக்கிறேன். நீயும் மச்சானும் உன் மகள் நுஸ்ரத்தும் நலந்தானே?

ஆஸ்பத்திரியில் என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டுவிட்டார்கள். வயது இருபத்தொன்று என்றேன். "சரிடா ராஜா, இருபத்தொண்ணு! இப்ப பாலக் குடிச்சிட்டுத் தூங்கு" என்று நர்ஸ் கன்னத்தைக் கிள்ளினாள். நம் ஊர் ரஜப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறான். அவனுக்குப் பத்தொன்பது, என்னைப்போலவே பத்து வயது உடம்பு. வயதான டாக்டர் ஒருவர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, ரோமம் முளைக்காத உடம்பைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மண்ணு திம்பியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன்.

பொய்தான் அக்கா. ஐந்து நாளாக நாக்கு தவிக்கிறது. ஓடைக்கரை மண்ணை வறுத்து, உலர்திராட்சைப் பையின் அடியில் வைத்து, பஸ் ஓட்டும் ஸஃப்தரிடம் கொடுத்தனுப்பு. யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் தம்பி
நஜஃப்


ஊரிலிருந்து,
மெஹர் மாதம் 20

என் கண்ணு நஜஃபுக்கு அக்காவின் துஆ.

மண் வேண்டுமென்றதும்தான் அக்கா நினைவு வந்ததாக்கும்! அனுப்பியிருக்கிறேன். வாரம் ஒரு பை வரும்.

"என்ன, மாப்ளைக்குத் தொட்டில் கெடச்சிதாமா?" என்று உன் மச்சான் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அப்புறம் ரொட்டி சுடக் கை ஓடவில்லை.

நுஸ்ரத் அப்படியேதான் இருக்கிறாள். பதினொரு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறேன். கேட்பவர்களிடம் கண்ணேறு என்று சொல்லிவைக்கிறேன்.

அக்கா
கௌஹர்


ஷீராஸ்,
தே மாதம் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இனி மண் அனுப்பாதே.

ரஜபுக்கு மீசை அரும்பிவிட்டது. மூன்று மாதத்தில் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதே இறைச்சி, அதே மருந்து எனக்கும். நான் ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

முந்தாநாள் டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "மன்னிச்சிடு தம்பி. என் மருந்துதான் உனக்குச் சரியில்ல போல" என்றார். அப்போது என் வாய் நிறைய மண். பதில் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கிழவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நேற்று அவர் மேஜைமேல் பையைக் கவிழ்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ திங்கிற இறைச்சியில இரும்பு இருக்கு, துத்தநாகம் இருக்கு. ஒடம்பு வளர அது வேணும். குடல் உறிஞ்சறதுக்குள்ள மண்ணு அதைக் கவ்விக்கிட்டு வெளிய போயிடுது. உங்க ஊரு தவிட்டு ரொட்டியும் அதைத்தான் செய்யுது. மண்ண விடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

அக்கா, நுஸ்ரத்தும் தின்கிறாளா?

நஜஃப்


ஊரிலிருந்து,
இஸ்ஃபந்த் மாதம் 3

என் தம்பிக்கு,

உன் நாலு கடிதமும் வந்தன. இரண்டு மாதமாகப் பதில் எழுதத்தான் முகமில்லை.

அம்மா போனபோது உனக்கு இரண்டு வயது, எனக்குப் பத்து. பசி தாங்காமல் அழுவாய். உன் வாயை அடைக்க முதல் பிடி மண்ணை வைத்தவள் நான்தான். எனக்கு அது முன்பே பழக்கம்; நான் எப்படியோ வளர்ந்துவிட்டேன். இன்றுவரை விடவில்லை. நுஸ்ரத்தும் என் கையிலிருந்துதான் வாங்கித் தின்கிறாள்.

நேற்று உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன். "பசிச்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லடி?" என்றார். பசியில்லாமலும் தின்றேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நுஸ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். யார் பழக்கிவிட்டது என்று டாக்டர் கேட்டால் நானே சொல்கிறேன். நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

குரல் உடைந்து, தோள் அகன்றிருப்பதாக எழுதியிருந்தாய். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடு. எனக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம். நீதான் எங்களைக் கூப்பிட வேண்டும்.

கௌஹர்