அரை அரைக் கட்டையாக

ஹச்சினோஹே,
ஜனவரி 25

கண்ணு சயோவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். வழக்கமாக அடுத்த வரியில் அப்பாவும் சுகம் என்று எழுதுவேன். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை, கடைசி வரை பொறுமையாகப் படி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போன் அப்பாவின் தலைமாட்டிலேயே இருக்கிறது, உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் விருந்தில் கரோக்கி வைக்கிறார்கள், எந்தப் பாட்டைப் பாட என்று கேட்டிருந்தாய். பிடித்த பாட்டை எடுக்காதே, தொண்டைக்கு ஏற்ற பாட்டை எடு. பாட்டில் எது ரொம்ப மேலே போகும் வரியோ அதை முதலில் முணுமுணுத்துப் பார். மோவாய் தானாக மேலே தூக்கினால் அந்தப் பாட்டு உனக்கில்லை. கீழே இறங்கும் வரியில் சொல் வயிற்றுக்குள் போய்விட்டாலும் விட்டுவிடு. உனக்கு என்னைப் போலத் தாழ்ந்த குரல், வெட்கப்படாமல் சுருதியை இறக்கிக்கொள். முப்பது வருஷமாக நம் கரோக்கிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். கேட்காத ஒரே ஆள் உன் அப்பா. சனிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தால் அந்த ஒரே பாட்டு, ஒரே சுருதி. "சுருதிய எறக்குறதும் கடல்ல தூண்டில அறுத்துவிட்டு ஓடி வர்றதும் ஒண்ணுதான்டி" என்று கணவாய் மீன் பிடிக்கப் படகில் போன காலத்திலிருந்து பேசிய பேச்சு உனக்குத் தெரியாததா.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மேல் வரியில் அவர் குரல் உடைந்தது. இருமல் வந்த மாதிரி நடித்தார். பக்கத்தில் இருந்த முத்சுகோ, நம் பல்வைத்தியர் வீட்டம்மாதான், "என்ன அண்ணே, எஞ்சின்ல எண்ணெய் இல்லையா" என்று சிரித்தாள். அவர் முகம் செத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை சயோ. அடுத்த வாரம் கல்லாவுக்குப் பின்னால் ரிமோட்டை வைத்துக்கொண்டு அவருக்குத் தெரியாமல் பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கினேன். பாட்டு அழகாக வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு அரைக் கட்டை. திரையின் மூலையில் எத்தனை இறக்கியிருக்கிறது என்று காட்டும், அந்த இடத்தை மறைக்க 'மைக்கை ஊதிப் பார்க்காதீர்கள்' என்று ஒரு சீட்டை எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டேன். "அறுபத்தெட்டு வயசு, கேட்டியா, ஒரு இம்மி எறங்கல" என்று அவர் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன்.

டிசம்பரில் சாப்பாடு விழுங்க வலிக்கிறது என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குரல் எப்போதிலிருந்து மாறியிருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "கொஞ்சம் கரகரப்புதான் டாக்டர், மத்தபடி கொரல் மாறவே இல்ல, வாராவாரம் பாடுறேன், இதோ இவளையே கேளுங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. குரல்நாணில் புற்றுநோய். ஒன்றரை வருஷத்துக்கு முன் வந்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்தே குரலைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது குரல்பெட்டி முழுவதையும் எடுத்தால்தான் உயிர் என்றார்கள். பிப்ரவரி பதினாலாம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை, மூச்சு அது வழியாக. பேச்சு இருக்காது.

ஒன்றரை வருஷம் என்று டாக்டர் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. அன்றைக்கு நான் ரிமோட்டைத் தொடாமல் இருந்திருந்தால், நாலு வாரம் பாட முடியாமல் போயிருந்தால், அந்த மனுஷன் கோபத்திலாவது டாக்டரிடம் போயிருப்பார். பாசம் என்று நினைத்து நானே அவர் கழுத்தை அறுத்துவிட்டேன். போன சனிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை பாடிவிட்டு வருகிறேன் என்று சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். அப்போது என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "எத்தன கட்ட?" என்று மட்டும் கேட்டார். இரண்டரை என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அதிலிருந்து இன்றோடு எட்டு நாள், என்னோடு ஒரு வார்த்தை இல்லை. தபால்காரரோடு பேசுகிறார், மீன்காரியோடு பேரம் பேசுகிறார். நான் சூப் வைத்தால் குடிக்கிறார், கிண்ணத்தைக் கழுவி வைக்கிறார், என் பக்கம் திரும்புவதில்லை. கோபிக்க அவருக்கு உரிமை இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருக்கிற இருபது நாள் குரலையும் எனக்குத் தராமலே தீர்த்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது கண்ணு.

நீ விமானம் ஏறி வா என்று சொல்லமாட்டேன், ஏழு மாத வயிற்றோடு அலையாதே. உனக்குத் தொண்டை கட்டி மூன்று வாரம் தாண்டினால் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிராமல் டாக்டரைப் பார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய், பதினாலு வரை தினமும் செய். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, எதையாவது கேட்டுப் பேச வை. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஹனயே